நாலு மணிக்குப் படித்த செய்தி

செய்தி வாசிப்பவளின் பாதி உடம்புக்குத்தான் வேலை. இந்த உண்மை எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. இடுப்புக்கு மேலே பட்டுப்புடவை, கழுத்தில் முத்துமாலை, நெற்றியில் அளவெடுத்து வைத்த பொட்டு. மேசைக்குக் கீழே அப்பாவின் பழைய கம்பளிக் காலுறை, மடியில் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை. குன்னூரில் மார்கழி மாதத்துச் சாயங்காலம் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்து "வணக்கம்" சொல்லிப் பார்த்தால்தான் அந்த அருமை தெரியும், பல் தந்தியடிக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் கேரட் வாங்க வந்தவள் மாதிரி இருக்கிறது என்று சேனல்காரர் சொல்லிவிட்டார். அவர் மட்டும் மப்ளர், குரங்குக் குல்லா சகிதம் கேமராவுக்குப் பின்னால் நிற்பார்.

உள்ளூர் கேபிள் சேனல்தான், ஏதோ பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேலே ஓர் அறை, ஒரு நீலத் திரை, இரண்டு விளக்கு, ஒரு கேமரா. சேனல்காரர் அதற்கு முன்னால் கேசட் கடை வைத்திருந்தவர். முதலாளி, கேமராமேன், விளம்பரம் பிடிப்பவர் எல்லாம் அவரே. நான் வாசிப்பவள். ஆக மொத்தம் இரண்டு பேர். ஜன்னலைச் சாத்த மறந்தால் மூடுபனி உள்ளே வந்து எனக்கும் கேமராவுக்கும் நடுவில் நிற்கும். "அண்ணா, எனக்கு முன்னாடி மேகம் போகுதுங்க" என்பேன். அது போகிறவரை இருவரும் காத்திருப்போம்.

செய்தியை நாலு மணிக்கே பதிவு செய்துவிடுவோம். சாயங்காலமானால் ஊரெல்லாம் விளக்கும் ஹீட்டரும் போட்டு மின்சாரம் இளைத்துவிடும், விளக்கு மங்கி என் முகம் மஞ்சள் காமாலை பிடித்தது போலத் தெரியும். பதிவு செய்த டேப்பை சேனல்காரர் எடுத்துக்கொண்டு போய் ஏழு மணிக்கு ஒளிபரப்புவார். அந்த மூன்று மணி நேரத்தில் நான் வீட்டுக்குப் போய் முகம் கழுவி, புடவை மாற்றி, அம்மா அப்பாவோடு உட்கார்ந்து என்னையே பார்ப்பேன். வேறு யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை என்று ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை ஆறு மாதம் தாங்கியது. பிறகுதான் ஒன்று புரிந்தது. மலையில் கேபிள் போகிற வீடுகளிலெல்லாம் தினமும் நுழைகிறேன், ஆனால் ஒரு வீட்டிலும் வாங்க, உட்காருங்க என்று சொல்ல ஆளில்லை. கூடப் படித்தவர்கள் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் பேச்சு நிற்கும். "டிவில வர்ற பொண்ணு" என்று ஒரு குரல் கிசுகிசுக்கும். பக்கத்து இடம் கடைசி நிறுத்தம் வரைக்கும் காலியாகவே வரும். மரியாதையாம். அந்த மரியாதையைத் தூக்கி உடைப்பில் போட வேண்டும் என்று இருக்கும் எனக்கு.

போதாக்குறைக்கு அது தேயிலை விலை விழுந்திருந்த காலம். வாரத்துக்கு ஒரு நாள் பச்சை இலையின் விலையை நான்தான் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடக் குறைவாகவே வாசித்தேன். தோட்டத்துக்கு உரம் போட்டவர்களும், பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்தவர்களும், தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி கேரட்டும் கோசும் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் அந்த விலையைக் கேட்கவே டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஒருநாள் கேத்திக்குப் போகிற பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து என்னிடம் வந்தார். "அம்மிணி, அடுத்த வாரமாச்சும் கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க" என்றார். கிண்டல் பண்ணுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். "பாக்கறேனுங்க" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அப்பா தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கிளார்க். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இளவயதில் மலையேறி வந்தவர், அந்த ஒரே ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம். சிறு விவசாயிகள் சுமந்து வரும் இலையை எடை போட்டு எழுதுவது அவர் வேலை. கைவிட்டு மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். முற்றல் இலை இருந்தால் எடையில் கொஞ்சம் கழிப்பார். அதனால் அவருக்கும் ஊரில் நல்ல பெயர் கிடையாது. எடை கழிக்கிற அப்பன், விலை குறைக்கிற மகள் என்று எங்கள் குடும்பத்துக்கே ஒரு ராசி.

ஆனால் ஏழு மணிக்கு அவர் மரநாற்காலியில் உட்கார்ந்து என் செய்தியைக் கேட்கிற அழகு தனி. கையில் டீ டம்ளர் இருக்கும், குடிக்க மாட்டார். நான் கட்டிலில், அம்மா சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு. வாசிப்பு முடிந்ததும் டிவியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்புவார். "ரெண்டாவது செய்தில மூச்சு வாங்கீட்ட கண்ணு" என்பார். இல்லையென்றால் "இன்னிக்குத் தெளிவா இருந்துச்சு" என்பார். என் மொத்த நாளிலும் ஒரு மனிதர் என்னிடம் என்னைப் பற்றிப் பேசுவது அந்த அரை நிமிஷம்தான். அதற்காகவே நான் ஏழு மணிக்குக் காத்திருந்தேன் என்பதை இப்போது வெட்கமில்லாமல் சொல்லலாம்.

சரிவு முற்றியபோது எங்கள் செய்தியில் ஒரு புதிய வழக்கம் சேர்ந்தது. ஃபேக்டரிகளில் போட்ட டீத்தூள் விற்காமல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதனால் இன்ன ஃபேக்டரியில் நாளை இலை எடுக்கப்பட மாட்டாது என்று முதல் நாளே எங்களுக்குச் சீட்டு அனுப்புவார்கள். நான் வாசிப்பேன். கேட்டவர்கள் மறுநாள் பறிக்க மாட்டார்கள். கேட்காதவர்கள் பறித்துச் சுமந்து வந்து, மூடிய கேட்டைப் பார்த்து, இலையைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். பறித்த இலை காத்திருக்காது, ஒரு நாள் தாண்டினால் கறுத்துவிடும். குன்னூரிலிருந்து கீழே இறங்கும் வழியில் அப்படிக் கறுத்துப்போன குவியல்களைப் பஸ் ஜன்னல் வழியாக நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேனல்காரர் இதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். சீட்டில் இருப்பது டிவியில் வருகிறவரை அறையை விட்டு வெளியே போகக்கூடாது. "முன்னாடியே ஊருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் நம்மள யாரும்மா பாப்பாங்க?" என்பார். எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கும். என்னிடம் ரகசியம் சொல்ல யாருமில்லாத நாட்களில், நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே மட்டும் நான் ரகசியம் தெரிந்தவளாக இருந்தேன்.

அன்று வியாழக்கிழமை. காலையிலிருந்தே மூடுபனி விலகவில்லை. நாலு மணிக்குச் சேனல்காரர் சீட்டுகளை என் முன்னால் வைத்தார். சாலையில் மண் சரிவு, பள்ளி ஆண்டு விழா, காணாமல் போன எருமை. நாலாவது சீட்டில் அப்பாவின் ஃபேக்டரி பெயர் இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் முதலாளி அலுவலகத்திலிருந்து ஃபாக்ஸில் வந்திருந்தது. ஒருநாள் விடுமுறை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. நாளை முதல் தொழிற்சாலை நிரந்தரமாக மூடப்படுகிறது, இனி இலை கொள்முதல் இல்லை, ஊழியர்கள் திங்கட்கிழமை கோவை அலுவலகத்துக்கு வரவும். அவ்வளவுதான், நான்கு வரி.

"அண்ணா, இது எங்கப்பா வேலை செய்யற ஃபேக்டரிங்க."

அவர் சீட்டை வாங்கி மறுபடி படித்தார். "உள்ள இருக்கறவங்களுக்குச் சொல்லாமயா நமக்கு அனுப்பியிருப்பாங்க? அப்பாவுக்குத் தெரிஞ்சுதாம்மா இருக்கும்" என்றார். பிறகு, "உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம், இத நான் எழுத்தா ஓட்டிக்கறேன்" என்றார்.

நல்ல மனுஷர், வழி காட்டத்தான் பார்த்தார். நான்தான் "இல்லைங்கண்ணா, படிச்சிடறேன்" என்றேன். எழுத்து ஓடினால் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று காரணமும் சொன்னேன். காரணம் சரியானதுதான். ஆனால் உள்ளே இன்னொன்றும் இருந்தது: எதையும் அசராமல் வாசிக்கிறவள் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. வாசித்தேன். ஒரே தடவையில் வந்தது. குரல் நடுங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. ஒவ்வொரு செய்தி முடிவிலும் லேசாகத் தலையசைப்பது என் பழக்கம், அதையும் விடவில்லை. "இன்னிக்கு ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்று சேனல்காரர் விளக்கை அணைத்தார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் என்னை நான் மன்னிக்க முடியாதது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

படியிறங்கினால் எதிரிலேயே டெலிபோன் பூத். ஃபேக்டரியில் மேனேஜர் மேசையில் ஒரு போன் உண்டு, நம்பர் எனக்கு மனப்பாடம். பூத்துக்குள் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று நின்றேன். அவர் முடித்து வெளியே வந்தபோது, மேனேஜர் எடுத்தால் என்ன சொல்வது என்று யோசனை வந்தது. செய்தி வெளியே போகக்கூடாது என்ற சட்டமும் நல்ல சமயத்தில் ஞாபகம் வந்தது. அப்பாவுக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று சேனல்காரரே சொல்லிவிட்டார், இனி நான் வேறு எதற்கு? இப்படி ஆளுக்கொரு சாக்காக எனக்கு உதவிக்கு வந்தார்கள். பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அப்பா ஆறரைக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவருக்கு ஒன்றும் தெரியாது. மப்ளரைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் பேசினார். "இன்னிக்கு எல பாக்கோணும் நீ. ரெண்டு எல ஒரு மொட்டுன்னு அப்புடியே கிள்ளி வெச்ச மாதிரி. கழிக்கறதுக்கு ஒரு காம்பு கெடைக்கல. வெல எறங்க எறங்கத்தான் இவங்க நல்லாப் பறிக்கறாங்க." நாளைக்கு எடை போடுகிற கொட்டகையில் ஒழுகுகிற தகரத்தை மாற்ற ஆள் வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

என் கையில் அரைமணி நேரம் இருந்தது.

"அப்பா" என்றேன்.

"என்ன கண்ணு?"

அவர் திரும்பிப் பார்த்த முகத்தில் நாளைய தகரக் கொட்டகை இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. ஒரு சீட்டைக் கையில் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் வாசிப்பேன். சீட்டில்லாமல் ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நானும் பழகவில்லை. "சட்டைல ஒரு பட்டன் இல்லைங்க" என்றேன். குனிந்து பார்த்து, "அட ஆமா, நாளைக்குத் தெச்சுக் குடு" என்றார்.

அதற்கப்புறம் நான் மின்சாரம் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாரத்தில் நாலு நாள் ஏழு மணிக்குத் தவறாமல் போகிற மின்சாரம். அன்று சிமிட்டக்கூட இல்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார், டம்ளரைக் கையில் எடுத்தார். டிவிக்குள் நான் வணக்கம் சொன்னேன். மண் சரிவு. ஆண்டு விழா. எருமை. அப்பா எருமைக்குச் சிரித்தார்.

நாலாவது செய்தியை நான் கேட்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவே இல்லை. டிவிக்குள் இருந்தவள் வாசித்து முடித்துத் தலையசைத்தாள். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இத எப்பம்மா படிச்ச?"

"நாலு மணிக்குங்கப்பா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், அடித்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திரும்பவும் டிவியைப் பார்த்து மீதிச் செய்தியையும் கேட்டார். அம்மாதான் கதவை விட்டு ஓடிவந்தாள். "ஏனுங்க, உங்க ஃபேக்டரியவா சொன்னா? இவ என்னங்க சொல்றா?"

"மூடறாங்களாமா" என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் நான் டிவிக்குள்ளேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வாசிப்பு எப்படி இருந்தது என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே சொல்லவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல ஏழு மணிக்கு ஸ்வெட்டர், மப்ளரோடு கிளம்பினார். பட்டன் இல்லாத அதே சட்டை. "மூடுன ஃபேக்டரிக்கு எதுக்குங்க போறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நேத்து நம்ம லைன்ல கரண்டு இருந்துச்சு. மேல் ஊர்ல இருந்துச்சோ என்னமோ. டிவி இல்லாதவங்களும் இருக்கறாங்க. சாயங்காலம் பறிச்சு வெச்சத இப்பச் சொமந்துட்டு வருவாங்க. யாராச்சும் நிக்கோணுமல்ல?"

அவர் கூப்பிடவில்லை, நானாகப் பின்னால் போனேன். ஃபேக்டரி கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. வாட்ச்மேனையும் காணோம். அப்பா கேட்டுக்கு முன்னால் நிற்கவில்லை. மேலே வளைவு வரைக்கும் ஏறிப் போய் நின்றார். சுமையோடு வருகிறவர்கள் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டாம் என்பதற்காக.

ஒவ்வொருவராக வந்தார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் எதிரே நடந்து போனார். சுமையை இறக்க ஒரு கை கொடுத்தார். இறக்கிவைத்த பிறகுதான் சொன்னார். "ஃபேக்டரிய மூடீட்டாங்க. இனி இங்க எடுக்க மாட்டாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்க, இப்பவே போனா எடுத்தாலும் எடுப்பாங்க." முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதே வார்த்தைகளைப் பத்து, இருபது தடவை. படுக பாஷையில் கேட்டவர்களுக்குத் தனக்குத் தெரிந்த அரைகுறை படுகத்தில் சொன்னார். சிலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் எத்தனை வருஷம் எங்கள் எடையைக் கழித்தாய், இப்போது உனக்கும் கழித்துவிட்டார்கள் என்று கத்தினார். அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். கத்தியவரின் மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்கவும் உதவினார்.

நான் பத்தடி தள்ளி ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றேன். ஒரு அம்மாள் மூட்டையை இறக்கியதும் என்னைப் பார்த்துவிட்டாள். "இது டிவில வர்ற பொண்ணுதானுங்க? உங்க மகளா? நேத்தே சொன்னாளாமா. எங்க ஊட்டுல கரண்டு இல்லீங்க, பாக்க முடியல" என்றாள், ஏதோ அவள்மேல்தான் தப்பு என்பது போல.

"அவ செய்தி படிக்கறவளுங்க" என்றார் அப்பா. "சொல்ல வேண்டியது நாந்தானுங்களே."

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, கணக்குத் தீர்ப்பதற்காகச் சொன்னாரா? அவர் குரலில் கோபம் இல்லை. எடைச் சீட்டில் எழுதுகிற மாதிரி உள்ளதைச் சொன்னார். நான் அந்த மரத்தடியிலேயே நின்றேன். அடுத்து வந்தவருக்காவது நான் எதிரே போய்ச் சொல்லியிருக்கலாம், போகவில்லை.

அடுத்த வருஷம் சென்னையில் பெரிய சேனலில் வேலை கிடைத்து மலையிறங்கினேன். இப்போது சீட்டு கிடையாது, கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் எழுத்து தானாக ஓடுகிறது. நடுங்காத குரல் என்று எனக்குப் பெயர். வெள்ளம், விபத்து, தலைவர்கள் மரணம் எதற்கும் நான் தடுமாறியதில்லை. புதிதாக வருகிற பெண்கள் அதை எப்படிப் பழகினீர்கள் என்று கேட்கிறார்கள். வேலை முடிந்து பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போனால், அன்றைக்குக் கோடிப் பேரிடம் பேசியவளுக்குப் பேச ஆளில்லை.

அப்பா பிறகு காய்கறி மண்டி ஒன்றில் எடை போடப் போனார். அதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீடு மாறியதையும் அம்மாதான் சொன்னாள். போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து, கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கும் கூட்டி வந்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஏங்கப்பா எனக்குச் சொல்லல?"

"நீ வேலைல இருந்திருப்ப கண்ணு" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அக்கறையாகச் சொன்னார். "முடிஞ்சப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டோம்."

"சரிங்கப்பா" என்றேன். மேக்கப் போடுபவர் வந்து நின்றார். போனை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து அன்றைய செய்தியை வாசித்தேன்.